எல கொட்டுற மாசம்

நான்காம் ஆண்டுப் பாடத்தில் பருவ காலங்கள் வந்தபோது ஆசிரியர் ஒரு படத்தைக் காட்டினார். சிவப்பும் மஞ்சளுமாக இலைகள் கொட்டிக் கிடக்க, கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிய வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று நடுவில் நின்றது. "இதுக்குப் பேரு இலையுதிர் காலம். நம்ம நாட்டுல இது கிடையாது," என்றார். பின்வரிசையிலிருந்து பந்து எழுந்தான். "சார், எங்கப்பா வெட்டுற நிரைல இருக்கு சார்."

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வேலிக்கு அந்தப் பக்கம் பால்மரக் காடு. பிப்ரவரி மாதம். ஒரு மரத்திலும் பச்சை இல்லை. "ஆமாண்டா," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார். இது நடந்தது 2006ல்.

பந்து அவன் பெயர் இல்லை. ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்து செய்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் வந்த பெயர். இந்தக் கட்டுரையில் எல்லாரையும் பட்டப்பெயரிலேயே எழுதுகிறேன். சொந்தப் பெயரைப் போட்டால் வாட்ஸ்ஆப் குழுவில் என்னை வைத்துச் செய்துவிடுவார்கள்.

பள்ளியில் எங்கள் வகுப்பில் இருந்ததே ஒன்பது பேர். அதில் இன்றும் தொடர்பில் இருப்பது நாலு பேர்தான். பந்து, மிஸ்ஸி, ஜேபி, நான். மிஸ்ஸி மலாக்காவில் தாதி. எங்கள் ஊர்ப் பக்கம் தாதியை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம் என்பதால் அவளுக்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. ஜேபி ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு சிங்கப்பூரில் வேலை செய்கிறவன். விடிகாலை நாலு மணிக்கு மோட்டாரை எடுத்துப் பாலத்தைக் கடந்துவிடுவான். நான் டுரியான் துங்காலில் படித்துவிட்டுச் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளராக இருக்கிறேன். பந்து மட்டும் எங்கேயும் போகவில்லை. பகாவில் ஒரு பாச்சிக்கின் ஐந்து ஏக்கர் கித்தாக்காட்டில் பாதிக்குப் பாதி பங்குக்கு மரம் வெட்டுகிறான்.

வருடத்தில் ஒரு நாளாவது எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று மூன்று தீபாவளியாகப் பேசிக்கொண்டிருந்தோம். தீபாவளிக்கு ஜேபிக்கு லீவு கிடைக்காது, மிஸ்ஸிக்கு ஷிப்ட். அப்படியே தள்ளிப்போனது. போன தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு நான்தான் குழுவில் எழுதினேன்: 'பிப்ரவரி 23, ஞாயிறு, எங்க வீட்டுல மதியச் சாப்பாடு. எல கொட்டுற நேரம், பந்தும் ஃப்ரீயா இருப்பான்.' பந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தான்.

அம்மாவிடம் போனில் இதைப் படித்துக் காட்டினேன். "ஃப்ரீயா இருப்பானா?" என்றார். "வேலை இல்லாம இருப்பான்னு சொல்லு."

அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கித்தா மரம் இலை உதிர்ப்பதைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரேசில் காட்டு மரம் அது. ஹென்றி விக்கம் 1876ல் விதைகளைக் கொண்டுபோய் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, அங்கிருந்து கன்றுகள் இலங்கைக்கும், அடுத்த வருடம் சிங்கப்பூருக்கும் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஊர் மாறினாலும் மரம் பழக்கத்தை விடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, வறண்ட மாதத்தில், மொத்த இலையையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் துளிர்க்கிறது. தீபகற்பத்தில் பிப்ரவரி, மார்ச். பெர்லிஸ், கெடா பக்கம் வறட்சி நன்றாக அடிப்பதால் ஒரே மூச்சில் கொட்டும். ஜொகூர் பக்கம் அப்படியில்லை, ஒரு மரம் மொட்டையாகவும் பக்கத்து மரம் பச்சையாகவும் நிற்கும். எங்கள் ஜெம்போல் வட்டாரம் தெற்கில் இருந்தாலும், கோலா பிலா, ஜெலுபு பக்கம் மாதிரியே மலைக்குப் பின்னால் ஒதுங்கி மழை குறைவாக வாங்குகிற இடம். அதனால் எங்கள் ஊரிலும் நன்றாகவே கொட்டும்.

முதலில் இலையில் மஞ்சள் ஏறும், பிறகு செம்பு நிறம், சில மரங்களில் அசல் சிவப்பு. காற்றடித்தால் மழை வருவதுபோலச் சத்தம். ஒரு வாரத்தில் காடு மொட்டையாகிவிடும். எப்போதும் இருட்டாகக் கிடக்கும் நிரைகளுக்குள் வெயில் வரும். அந்த வெயில்தான் எங்களுக்கு விளையாட்டுத் திடல். சருகில் சறுக்குவோம். உதிர்ந்த இலைகளைக் கால்வாயில் வாரக்கணக்கில் ஊறப்போட்டால் சதை அழுகிப்போய் நரம்பு மட்டும் வலைபோல நிற்கும். அதைக் கழுவிக் காயவைத்து, சாயம் ஏற்றி, ஆசிரியர் தினத்துக்கு அட்டை செய்வோம். மிஸ்ஸி செய்த ஒன்று இன்னும் அவளுடைய தாதிக் கல்லூரிப் பாடப்புத்தகத்துக்குள் இருக்கிறது என்றாள். நான் செய்ததெல்லாம் கரப்பான் தின்றுவிட்டது.

ஆக, என் மனதில் அந்த மாதத்துக்கு ஒரு சாப்பாடும் இருந்தது. கருவாட்டுக் குழம்பு, அவித்த மரவள்ளிக்கிழங்கு, மரவள்ளிக் கொழுந்தை வேகவைத்துத் தேங்காய் போட்டுப் பிரட்டியது, ஓடைக்கரையில் பறித்த பாக்குக் கீரை, சம்பால். வருடத்தில் மற்ற மாதங்களிலும் இதெல்லாம் சாப்பிட்டிருப்போம். ஆனால் இலை கொட்டும் மாதத்தில் தினமும் இதுதான். வந்தவர்களுக்கு அதையே சமைத்துப் போட்டால் எப்படி இருக்கும்! இலைக்காடு, பழைய சிநேகிதர்கள், பழைய சாப்பாடு. சொல்லப்போனால் இந்த யோசனையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார். "போடா."

"ஏன்மா? எல்லாரும் கேக்கறாங்க."

"கேப்பாங்க. அது விருந்தாளிக்குப் போடற சாப்பாடா? ஏழெட்டு வருஷம் கழிச்சு வர்ற புள்ளைங்களுக்கு மரவள்ளிக்கிழங்க அவிச்சுப் போட்டேன்னு சொன்னா பாக்கறவங்க என்னா சொல்வாங்க? கோழி வாங்கு. ஆடு வேணும்னா உங்கப்பாகிட்ட சொல்றேன், சிரம்பான்லேர்ந்து வாங்கிட்டு வரட்டும்."

நான் விடவில்லை. பாரம்பரிய உணவு, இயற்கை உணவு என்று இப்போது சிரம்பான் கடைகளில் கொழுந்து மசியலுக்கு என்ன விலை போடுகிறார்கள் தெரியுமா என்றெல்லாம் பேசினேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒனக்கு அது என்னான்னே தெரியல," என்று போனை வைத்துவிட்டார்.

அம்மா 17 வயதில் உளி பிடித்தவர். 1983லிருந்து 2008வரை மரம் வெட்டினார். பாலுக்குத் தகுந்த காசு, சந்தை விலைக்குத் தகுந்த காசு என்று அவர்கள் சம்பளத்தின் ஒரு பகுதி எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். இலை கொட்டினால் மரம் தன்னிடம் இருக்கும் சத்தையெல்லாம் துளிர் விடுவதற்குச் செலவழிக்கும். மங்கில் பால் அடியைத்தான் நனைக்கும். அந்த நேரத்தில் ஆழமாக வெட்டினால் பட்டை கெட்டுப்போகும் என்று பல நாள் வெட்டே இருக்காது. புல் வெட்டு, மருந்து அடிப்பு என்று கிடைத்த வேலைக்குப் போவார்கள். எல்லாருக்கும் அது கிடைக்காது. மளிகைக் கடைக் கொப்பியில் பக்கம் நிரம்பும். கடைக்காரர் அரிசி கொடுப்பார், பால்டின் கொடுக்கமாட்டார். கோழி என்றால் வளர்த்ததை அறுத்தால்தான் உண்டு. அதையும் சித்திரைக்கு வைத்திருப்பார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. தெரியும். ஆனால் நான் வைத்திருந்தது சருகும் வெயிலும் சேர்ந்த ஒரு மாதத்தை. அம்மா வைத்திருந்தது ஒரு கொப்பியை.

2008ல் எங்கள் தோட்டத்தில் கடைசிக் கித்தா நிரைகளையும் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். நாடு முழுக்க அப்போதே பெருந்தோட்டங்கள் அப்படி மாறியிருந்தன. ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகம் ரப்பர் கொடுத்த நாடு இது. இன்று தாய்லாந்தும் இந்தோனேசியாவும் எங்கேயோ போய்விட்டன. இங்கே மிச்சம் இருக்கும் ரப்பரில் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களுடையது. செம்பனைக்குப் பருவமே கிடையாது. மட்டை தானாக உதிராது, ஆள் நின்று வெட்டித் தள்ள வேண்டும். லயத்தைக் காலி செய்துவிட்டு நாங்கள் பகாவ் பட்டணத்து ஓரத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இலை கொட்டும் மாதம் என்ற ஒன்று இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கே ஜேபி வந்துவிட்டான். சனி இரவே கிளம்பி, வழியில் கிம்மாஸில் மாமா வீட்டில் படுத்திருந்தானாம். மிஸ்ஸி தன் மூன்று வயது மகளோடு வந்தாள். பந்து மோட்டாரில் வந்தான், முன்னால் ஒரு நைலான் பை தொங்கியது. அதை அம்மாவிடம் கொடுத்தான். உள்ளே மரவள்ளிக் கொழுந்து, பாக்குக் கீரை, நாலு கிழங்கு, தாளில் சுற்றிய கருவாடு.

"குழுவுல இவன் ஆசப்பட்டு எழுதியிருந்தாம்மா. அதான்."

அம்மா பையை வாங்கிக்கொண்டார். அவனை ஒன்றும் சொல்லவில்லை. "வாய்யா, பசியாறிட்டியா?" என்று மட்டும் கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுப்பில் ஏற்கெனவே கோழி பிரண்டுகொண்டிருந்தது.

சமையல் முடிவதற்குள் பந்து வெட்டும் காட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். பத்து கிக்கிர் போகும் சாலையில் கொஞ்ச தூரம், பிறகு செம்மண் பாதை. காடு அப்படியே எரிந்து நிற்பதுபோல இருந்தது. பாதி மரங்கள் மொட்டை, பாதியில் இன்னும் சிவப்பு. கீழே கணுக்கால்வரை சருகு. மிஸ்ஸியின் மகள் இறங்கியவுடன் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளி மேலே வீச ஆரம்பித்துவிட்டாள்.

"மச்சான், கொரியா லா இது!" என்றான் ஜேபி. கைபேசியை எடுத்து நடந்துகொண்டே படம் பிடித்தான். நாமி தீவுக்கு ஐயாயிரம் வெள்ளி செலவழித்துப் போன தன் முதலாளியின் மகளுக்கு இதை அனுப்பப்போவதாகச் சொன்னான். ஒவ்வொரு வருடமும் இந்த மாதத்தில் பேஸ்புக் முழுக்க இப்படித்தான், கித்தாக்காட்டில் மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிற படங்கள். நானும் போட்டிருக்கிறேன், மறைப்பானேன்.

பந்து படத்தில் வரவில்லை. அவன் ஒரு மரத்தின் முன் குனிந்து மங்கில் விழுந்திருந்த சருகை எடுத்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போனேன். வெட்டுப்பட்டை கத்தியால் சீவிய வெண்ணெய்போல ஒரே மட்டமாக இருந்தது. ஒரு இடத்திலும் மரத்துக்குள் உளி இறங்கிய காயம் இல்லை. தொழிற்சாலையில் மைக்ரான் கணக்கில் அளக்கிற எனக்கு அந்த நேர்த்தி புரிந்தது. இத்தனைக்கும் அவன் வெட்டுவது காலை ஐந்து மணிக்கு, நெற்றி விளக்கு வெளிச்சத்தில். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் மரத்துக்குள் நீர் அழுத்தம் இருக்கும், பால் ஓடும்.

"எப்போ மறுபடி வெட்டுவ?"

"துளிர் முத்தணும். ஏப்ரல் ஆவும்." மேலே பார்த்தான். ஒரு கிளை நுனியில் பழுப்பும் ஊதாவுமாகக் குட்டி இலைகள் தலைகீழாகத் தொங்கின. "இந்த நேரத்துல மழ பேஞ்சா பூஞ்ச புடிச்சு இதுவும் கொட்டிரும். அப்போ இன்னொரு மாசம் போச்சு."

"அதுவரைக்கும்?"

"செம்பனை தள்ளப் போறேன். ஆள் கூப்ட்டா." சிரித்தான். "நீதான் ஃப்ரீன்னு எழுதியிருந்தியே."

கிண்டலாகத்தான் சொன்னான். பந்து மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறவன் இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. எங்கள் தொழிற்சாலையில் அதைப் பற்றிக் கூட்டமெல்லாம் நடந்தது. பங்குக்கு வெட்டுகிறவனுக்கு அந்தக் கணக்கே கிடையாது. அவன் யாருக்கும் தொழிலாளி இல்லை. மரத்தில் பால் இல்லாவிட்டால் அவனுக்கும் பாதி, பாச்சிக்குக்கும் பாதி, அதாவது இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. பாச்சிக்குக்கு ஓய்வூதியம் இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒன்றரை. அம்மா வரவேற்பறையில் பாய் விரித்து வாழையிலை போட்டிருந்தார். அப்பா ரொம்பினில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். கோழிப் பிரட்டல், ரசம், முட்டைகோஸ், அப்பளம், தயிர். எல்லாம் பரிமாறி முடித்த பிறகு சமையலறையிலிருந்து இன்னும் மூன்று சட்டிகள் வந்தன. கருவாட்டுக் குழம்பு, கொழுந்துப் பிரட்டல், பாக்குக் கீரை. கிழங்கைத் தனியாக ஒரு தட்டில் அவித்து வைத்திருந்தார். நாங்கள் காட்டில் இருந்த இரண்டு மணி நேரத்தில் அத்தனையும் செய்திருக்கிறார்.

"கொண்டுவந்த புள்ள மனசு கோணக்கூடாது," என்றார். என் பக்கம் திரும்பாமல்.

அதற்குப் பிறகு கோழியை யாரும் கவனிக்கவில்லை. ஜேபி கருவாட்டுக் குழம்பை மூன்று தடவை ஊற்றிக்கொண்டான். மிஸ்ஸி மகளுக்குக் கிழங்கில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு ஊட்டினாள், எங்கள் ஆயாக் கொட்டகையில் கொடுத்ததுபோலவே. ஜேபி சாப்பிட்டுக்கொண்டே ஒரு கதை சொன்னான். அவனுக்கு மேலே இருக்கும் சிங்கப்பூர் யூரேசியக் கிழவர் ஒருவர், இவன் ஊர் பகாவ் என்றதும் அப்படியே நிறுத்தி, 'என் பாட்டி செத்த ஊர்' என்றாராம். ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூரில் சோற்றுக்கு வழியில்லாமல் போனபோது, 1943 கடைசியிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்களை இங்கே காட்டை அழித்துப் பயிர் செய்யச் சொல்லி அனுப்பினார்கள். ஃபுஜி கிராமம் என்று பெயர். பள்ளி வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் மண்வெட்டி பிடித்தார்கள். மண் ஒத்துழைக்கவில்லை, மலேரியா விடவில்லை. அவர்களோடு வந்த ஆயர் அட்ரியன் டெவால்ஸ்கூட 1945 ஜனவரியில் இறந்துபோனார். அந்தக் கிழவருக்குப் பகாவ் என்றால் மரவள்ளிக்கிழங்குதான் ஞாபகமாம். சாகும்வரை அவர் அம்மா கிழங்கை வீட்டுக்குள் விடவில்லையாம்.

"எங்க பாட்டியும் அப்படித்தான் சொல்லும்," என்றார் அம்மா. "ஜப்பான்காரன் காலத்துல மூணு வேளையும் கெழங்குதான்னு. சயாமுக்கு ரயில் பாதை போடப் போன தாத்தா திரும்பல. பாட்டி கெழங்க அவிச்சுதான் அஞ்சு புள்ளைங்கள வளத்துச்சு."

அப்போதுதான் அம்மாவின் இலையைப் பார்த்தேன். சோறு, ரசம், ஒரு துண்டு கோழி. கருவாட்டுக் குழம்பும் கொழுந்தும் இல்லை. "போட்டுக்கலயாம்மா?" என்றேன். "எனக்கு வேணாம்," என்றார். "நான் நெறய சாப்ட்டுட்டேன்."

அவர் சொன்னது அந்த மதியத்தைப் பற்றி இல்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது. மிஸ்ஸி எழுந்துபோய்ச் சட்டியை மூடி வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

சாப்பாடு முடிந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். தே ஓ. குழந்தை தூங்கிவிட்டது. பேச்சு எங்கெங்கோ போய்க் கடனில் வந்து நின்றது. ஜேபிக்குக் கார் கடன், மிஸ்ஸிக்கு வீட்டுக் கடன். எனக்குக் கல்விக் கடன் இன்னும் ஓடுகிறது. "பந்துதான் மகாராஜா, கடனே இல்ல," என்றான் ஜேபி.

"தவுக்கேகிட்ட எடுப்பேன்," என்றான் பந்து. கட்டிப்பால் வாங்குகிற தவுக்கே முன்பணம் கொடுப்பார். வட்டி என்று சொல்லமாட்டார். கடன் தீரும்வரை கிலோவுக்கு இருபது காசு குறைத்துப் போடுவார். "வெட்டு இருக்கறப்ப எடுத்தா பரவால்ல. எல கொட்டுற மாசத்துல எடுக்கவே கூடாதும்பாரு எங்கப்பா. பால் இல்லாம கடன் நிக்கும், வெல ஏறுனாலும் நமக்குக் கெடைக்காது. நான் ஒரே ஒரு தடவதான் அப்படி எடுத்தேன்."

"எப்போ?" என்றாள் மிஸ்ஸி.

"அது… எப்பவோ. இவன் மலாக்கால படிச்சப்ப."

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடிக் குவளையைத் தூக்கி, அதில் ஒன்றுமில்லாததைக் குடித்தான்.

2016 பிப்ரவரி. முதலாம் ஆண்டு, இரண்டாம் பருவம். கல்விக் கடன் இன்னும் கணக்கில் சேரவில்லை. விடுதிக் கட்டணம் கட்ட வேண்டும். சீனப் பெருநாள் விடுமுறைக்கு வந்தபோது பேச்சுவாக்கில் பந்துவிடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். இப்போது யோசித்தால் சொன்னதும் கேட்டதுதான். அடுத்த வாரம் என் கணக்கில் 300 வெள்ளி இருந்தது. அவன் வேலை செய்கிறவன், நான் படிக்கிறவன், அவனிடம் பணம் இருக்கும் என்றுதான் நினைத்தேன். மே மாதம் கடன் வந்தவுடன் திருப்பிப் போட்டுவிட்டேன். 'தேங்க்ஸ் டா மச்சான்' என்று ஒரு செய்தி. கணக்கு முடிந்தது என்று ஒன்பது வருடம் நினைத்திருந்தேன்.

அந்த வருடத் தொடக்கத்தில் உலகச் சந்தையிலேயே ரப்பர் விலை தரைக்கு வந்திருந்தது. அவன் வேறு வெட்ட ஆரம்பித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இலை கொட்டும் மாதம். அவன் என்னிடம் இருந்ததைக் கொடுக்கவில்லை, இல்லாததை வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

என் புத்தி பொறியியலாளர் புத்தி, அது கணக்குப் போட ஆரம்பித்தது. ஏப்ரலில் வெட்டு தொடங்கியிருக்கும். அவன் பங்குக்கு மாதம் ஒரு 150 கிலோ. இருபது காசு வீதம் முப்பது வெள்ளி. நான் மே மாதம் கொடுத்ததை உடனே தவுக்கேயிடம் கட்டியிருந்தால் இரண்டு மாதம். வீட்டுச் செலவுக்குப் போயிருந்தால் நாலோ ஐந்தோ. 360, இல்லை 450. தொகை பெரிதில்லை. என் கைபேசியிலேயே அந்தக் கணமே அனுப்பிவிடலாம். அனுப்பினால் அவன் முகம் எப்படிப் போகும் என்பதும் தெரியும்.

"ஏண்டா சொல்லல?" என்றேன்.

"என்னா சொல்றது?"

ஜேபி எதையோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தான். வரவில்லை. மிஸ்ஸி என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து அம்மா, "யாருக்காவது இன்னும் தே வேணுமா?" என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றோம்.

ஐந்து மணிக்கு ஜேபி கிளம்பினான். மறுநாள் நாலு மணிக்குப் பாலத்தில் இருக்க வேண்டும். மிஸ்ஸி அவனுக்குப் பின்னாலேயே போனாள். மகள் கை நிறைய சிவப்பு இலைகள், காரில் ஏறுவதற்குள் பாதி நொறுங்கிவிட்டன. பந்து மோட்டாரைத் தள்ளிக்கொண்டு நின்றான். அம்மா ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் கோழிப் பிரட்டலை அமுக்கி அடைத்து, நைலான் பையிலேயே போட்டுக் கொடுத்தார். "வீட்டுல கொடு. டப்பாவ மறக்காம கொண்டாந்து குடுத்துருய்யா," என்றார். எங்கள் வீட்டில் அந்த மாதிரி டப்பா பதினைந்தாவது இருக்கும்.

"சரிம்மா."

கேட்டுவரை கூடப் போனேன். பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். "ஏப்ரல்ல ஒரு நாள் வரேண்டா காட்டுக்கு. நீ வெட்டறதப் பாக்கணும்," என்றுதான் வந்தது.

"நாலர மணிக்கு வந்துருவியா?"

"வரேன்."

"கொசுவத்தி கொண்டா," என்று சொல்லிவிட்டு மோட்டாரை உதைத்தான்.

செனவாங் திரும்பிய பிறகு அவனுக்கு எழுத நினைத்த செய்தியை நாலைந்து தடவை அடித்து அழித்தேன். கணக்கோடு எழுதினால் கடை பில் மாதிரி இருந்தது. கணக்கில்லாமல் எழுதினால் அழுகிற மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, இரவு ஷிப்ட்டில் இருந்தபோது அம்மா கூப்பிட்டார். பந்து வந்துவிட்டுப் போனானாம். டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருக்கிறான், உள்ளே உரித்த பெத்தாய். வெறும் டப்பாவாக எப்படிம்மா கொடுக்கிறது என்றானாம்.

"செம்பனை தள்ற வேலை கெடச்சிருக்காம், மார்ச் கடைசிவரைக்கும். மழையும் இல்லையாம், துளிரு நல்லா இருக்காம்," என்றார். பிறகு, "நீ சனிக்கெழம வரியா? இந்தப் பெத்தாய வச்சிருக்கவா, நானே சமச்சிரவா?"

"வரேன். வச்சிருங்க."

"நெத்திலி போட்டு சம்பால் பண்றேன். அவனையும் வரச் சொல்லு. ராத்திரிக்கு வரச் சொல்லு, பகல்ல வேலைக்குப் போவான்."